கிட் பிளேமில் என் பெயர் வருகிறது, ஆனால் அந்த வரியை நான் எழுதவில்லை. இது எப்படி?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் நகை அடகுக் கடைகளுக்கு மென்பொருள் செய்து தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் நீங்கள் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தேவகோட்டையில் உள்ள ஒரு கடையில், 15ஆம் நாள் நகையைத் திருப்ப வந்தவர்களுக்கு அரை மாத வட்டி போடாமல் முழு மாத வட்டி போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால், வட்டி கணக்கிடும் இடத்தில் 'நாட்கள் 15-ஐ விடக் குறைவாக இருந்தால் அரை மாதம்' என்று ஒரு வரி இருக்கிறது. 'குறைவு அல்லது சமம்' என்று இருந்திருக்க வேண்டும், அந்தச் சமக்குறி இல்லை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட். அதில் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு பெயரைக் காட்டும் பிளேம் என்ற கட்டளையை மேலாளர் போட்டுப் பார்த்திருக்கிறார், அந்த வரிக்கு நேரே உங்கள் பெயர். 'அந்த ஃபைலை ஃபார்மேட்டரில் (இடைவெளியையும் வரி அமைப்பையும் ஒழுங்குபடுத்தும் கருவி) ஓட்டி ஒழுங்காக வைத்தேன், அவ்வளவுதான். வட்டிக் கணக்கில் கை வைக்கவே இல்லை. கிட் பொய் சொல்லுமா?' என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. அங்கே வரும் பெயருக்கு என்ன பொருள் என்பது ஒன்று. தப்பு எந்த மாற்றத்தில் உள்ளே நுழைந்தது என்பதை எப்படிக் காட்டுவது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

எனக்குப் பள்ளத்தூர். 17 வருடமாக இதே தொழில். முதலில் சென்னையில் சப்வெர்ஷன் (கிட்டுக்கு முன்னால் இதே வேலைக்குப் புழங்கிய மென்பொருள்), அப்புறம் கிட், இப்போது ஊரிலிருந்தே வேலை. உங்கள் ரெப்போவை, அதாவது நிரலும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கை, நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கிட் பொய் சொல்லவில்லை. 'இந்த வரி இப்போது இருக்கிற வடிவத்துக்கு எந்தக் கமிட்டில் வந்தது' என்ற ஒரே கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. கமிட் என்பது மாற்றங்களைச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவு. அந்தக் கமிட்டில் எழுதியிருக்கும் பெயரையும் தேதியையும் பக்கத்தில் போடுகிறது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்புச் சுவருக்குக் கடைசியாக வெள்ளையடித்தது யார் என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். சுவரை எழுப்பிய கொத்தனார் பெயர் அதில் வராது. உங்கள் மேலாளர் கேட்டது வெள்ளையடித்தவரை, நினைத்துக்கொண்டது கொத்தனாரை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அவரிடம் விளக்குவது சுலபம். எந்த வரி யாருடையது என்று கிட் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு கமிட்டிலும் எல்லா ஃபைலும் முழுதாக எப்படி இருந்தன என்பதைத்தான் சேமிக்கிறது. நீங்கள் பிளேம் என்று கேட்கிற அந்த நிமிடத்தில்தான் கணக்குப் போடத் தொடங்குகிறது. முதலில் எல்லா வரிகளையும் கடைசிக் கமிட்டின் தலையில் வைக்கும். அப்புறம் அதற்கு முந்தைய கமிட்டோடு ஃபைலை ஒப்பிடும். ஓர் எழுத்தும் மாறாமல் அங்கேயும் இருக்கிற வரிகளை முந்தையதன் பொறுப்பில் தள்ளிவிடும். தள்ள முடியாமல் நின்றுபோன வரிகளுக்கு அந்தக் கமிட்டே பொறுப்பு. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு வட்டியும் தெரியாது, சமக்குறியும் தெரியாது. வரி அப்படியே இருக்கிறதா இல்லையா, அது ஒன்றுதான் தெரியும். டேப் இருந்த இடத்தில் நாலு ஸ்பேஸ் வந்தால் அது வேறு வரி. விண்டோஸ் கணினியில் சேமித்ததால் வரி முடிவுக் குறி மாறினாலும் அது வேறு வரிதான்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது. பிளேம் என்றால் பழி. சப்வெர்ஷனுக்கும் முந்தைய சிவிஎஸ்ஸில் இதே வேலையைச் செய்த கட்டளைக்கு அன்னொடேட் என்று பெயர், அதாவது குறிப்பு எழுதுவது. சப்வெர்ஷனில் பிளேம் என்றும் தட்டலாம், அன்னொடேட் என்றும் தட்டலாம், பிரெய்ஸ் என்றும் தட்டலாம், விடை ஒன்றுதான். கிட்டிலும் அன்னொடேட் இருக்கிறது. ஆனால் புழக்கத்தில் பிளேம்தான் நின்றுவிட்டது. திரையில் பழி என்ற தலைப்புக்குக் கீழே ஒரு பெயரைப் பார்த்தால், பார்ப்பவர் மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது. உங்கள் அலுவலகத்தில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஃபார்மேட்டர் ஓட்டியதால்தான் உங்கள் பெயர் வந்தது என்பது இப்போதைக்கு என் ஊகம். ஆனால் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். பிளேம் காட்டிய அந்தக் கமிட்டின் எண்ணை எடுத்து, கிட் ஷோ போட்டு, கூடவே ஹைஃபன் சின்ன டபிள்யூ கொடுங்கள். டபிள்யூ என்றால் இடைவெளி வித்தியாசங்களைக் கணக்கில் எடுக்காதே என்று அர்த்தம். ஹைஃபன் டபிள்யூ இல்லாமல் பார்த்தபோது நூற்றுக்கணக்கான வரிகள் சிவப்பும் பச்சையுமாக ஓடிய அதே கமிட், இப்போது அந்த ஃபைலில் மாற்றம் எதையும் காட்டாமல் நின்றால், நீங்கள் இடைவெளியை மட்டுமே தொட்டீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடுத்து பிளேமையே ஹைஃபன் டபிள்யூவோடு போடுங்கள். அந்த வட்டி வரியை உதாரணத்துக்கு 212ஆம் வரி என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை அதில் உங்கள் பெயரும் இந்த வருடத் தேதியும் இருந்திருக்கும். இப்போது அதே 212ஆம் வரியில் வேறு பெயரும் பழைய தேதியும் வர வேண்டும். இரண்டு விடையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட்டர் நீளமான வரியை இரண்டாக உடைத்திருந்தாலோ, ஒற்றை மேற்கோளை இரட்டையாக்கியிருந்தாலோ டபிள்யூ உதவாது, ஏனென்றால் அது வெறும் இடைவெளி இல்லை. அதற்கு வேறு வழி வந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் வெளிவந்த கிட் 2.23 முதல், ஒரு குறிப்பிட்ட கமிட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போடு என்று சொல்லலாம், இக்னோர் ரெவ் என்று தேடுங்கள். இப்படி ஒதுக்க வேண்டிய கமிட் எண்களை ஒரு ஃபைலில் எழுதி ரெப்போவிலேயே வைத்து, அதைப் படிக்கும்படி கிட் அமைப்பில் சொல்லிவிட்டால் குழு முழுவதுக்கும் பயன்படும். அந்த ஃபைலுக்கு .git-blame-ignore-revs என்று பெயர் வைத்தால், ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளமும் அதைப் படிக்கும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. ஒதுக்கிய கமிட்டின் வரிகள் முந்தைய வடிவத்தில் எந்த வரிக்குச் சேரும் என்பதை கிட் ஒப்பிட்டு ஊகிக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் சரியாக வரும். எப்போதும் வரும் என்று கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். ஊகித்த வரிக்கு முன்னால் கேள்விக்குறி போடச் சொல்லும் அமைப்பு ஒன்றும் இருக்கிறது, அதைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வரியை இடம் மாற்றினாலும் இதே கதைதான். ஃபைல் முழுவதுக்கும் பெயர் மாற்றினால் பிளேம் தானாகவே பழைய பெயருக்குப் பின்னால் போய்விடும். ஆனால் ஒரு ஃபங்ஷனை மட்டும் வெட்டி இன்னொரு ஃபைலில் ஒட்டினால், ஒட்டியவர் பெயர் வரும். ஒரே ஃபைலுக்குள் நகர்ந்த வரிகளைத் தேட ஹைஃபன் பெரிய எம், வேறு ஃபைலிலிருந்து வந்தவற்றைத் தேட ஹைஃபன் பெரிய சி. சி-யை ஒருமுறை கொடுத்தால், அதே கமிட்டில் மாறிய மற்ற ஃபைல்களில் மட்டும் தேடும். மூன்று முறை கொடுத்தால் எல்லாக் கமிட்டிலும் தேடும், நேரம் எடுக்கும். எம்முக்கு 20, சிக்கு 40 எழுத்தாவது பொருந்தினால்தான் நகர்ந்தது என்று ஒத்துக்கொள்ளும், அதனால் துண்டு வரிகள் தப்பிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. 2014 வாக்கில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பில்லிங் செய்துகொண்டிருந்தோம். தீபாவளிக்கு முந்தைய வாரம், தள்ளுபடி இரண்டு தடவை கழிந்துவிட்டது. பிளேம் போட்டேன், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர் வந்தது. நாலு பேர் இருக்கும்போதே அவரைக் கடிந்து பேசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். இரவு வீட்டுக்குப் போன பிறகு மனசு கேட்காமல் மறுபடி உட்கார்ந்து, சி-யை மூன்று முறை கொடுத்துப் பார்த்தேன். தள்ளுபடி பகுதியைத் தனி ஃபைலாகப் பிரி என்று நானே சொல்லி, அவர் வெட்டி ஒட்டிய பகுதி அது. வரி இரண்டு வருடத்துக்கு முந்தையது, பெயர் என்னுடையது. மறுநாள் காலை அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சந்தேகம் கேட்க வருவதற்கு மாதக்கணக்கில் ஆனது. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

சரி, டபிள்யூ போட்டதும் பழைய பெயர் ஒன்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'அப்போ இவர்தான்' என்று அந்தப் பெயரை மேலாளரிடம் நீட்டிவிடாதீர்கள். அந்த வரி எழுதிய அன்று சரியாகவே இருந்திருக்கலாம். எப்படி என்று கேட்டால், நாட்களை எப்படி எண்ணுகிறார்கள் என்பது இந்த வரியில் இல்லை, வேறெங்கோ இருக்கும். 1ஆம் தேதி அடகு வைத்து 15ஆம் தேதி திருப்புகிறார். வைத்த நாளைச் சேர்க்காமல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 14. 14 என்பது 15-ஐ விடக் குறைவு, அரை மாத வட்டி, சரி. பின்னால் யாரோ, கடைக்காரர் சொல்லியோ சொல்லாமலோ, வைத்த நாளையும் சேர்க்க வேண்டும் என்று தேதிகளைக் கழிக்கும் இடத்தில் ஒன்றைக் கூட்டியிருந்தால், அதே ஆளுக்கு இப்போது 15 நாள். குறைவில்லை, முழு மாதம். 212ஆம் வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் அது தப்பாகிவிட்டது. இதை எந்த பிளேமும் காட்டாது. உங்கள் நிரலில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. சமக்குறி முதலிலிருந்தே இல்லாமலும் இருந்திருக்கலாம், நடுவில் விழுந்தும் இருக்கலாம். மூன்றில் எது என்று பார்க்காமல் யாரையும் கை காட்ட முடியாது.

பார்ப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, கிட் லாகில் ஹைஃபன் பெரிய எல் கொடுத்து, வரி எண்ணையோ ஃபங்ஷன் பெயரையோ சொல்வது. கடைசி மாற்றத்தை மட்டும் காட்டும் பிளேம் போல் இல்லாமல், அந்த வரிகள் பிறந்ததிலிருந்து அடைந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் காட்டும். சமக்குறி எப்போதாவது இருந்ததா என்று அதில் கண்ணாலேயே பார்க்கலாம். இன்னொன்று பைசெக்ட். 15ஆம் நாளுக்கு அரை மாத வட்டி வருகிறதா என்று மட்டும் கேட்கும் ஒரு சின்ன டெஸ்ட் எழுதுங்கள். சரியாக வந்த ஒரு பழைய கமிட்டையும் தப்பாக வரும் இன்றைய கமிட்டையும் கொடுத்தால், நடுவில் பாதி, அதில் பாதி என்று வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து முறை ஓட்டினால் போதும். பைசெக்ட் ரன் என்று கொடுத்தால் டெஸ்டை அதுவே ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். எந்தக் கமிட்டில் நடத்தை மாறியது என்பதற்கு இதுதான் நேரடியான விடை, வரி எங்கே இருந்தாலும் சரி.

நீக்கப்பட்ட வரியைத் தேடுவதற்கும் பிளேம் உதவாது, இருக்கிற வரிகளுக்குத்தான் அதனிடம் பதில் உண்டு. என் தாத்தா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடுதான் இழுப்பார், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும் என்பார். கையெழுத்தை வைத்தே இது யார் எழுதியது என்று ஏட்டைத் திருப்பும்போதே சொல்லிவிடுவார். நிரலில் கோடு இழுத்த வரியும் தெரியாது, கையெழுத்தும் கிடையாது. காணாமல் போன ஒரு சொல்லைத் தேட, கிட் லாகில் ஹைஃபன் பெரிய எஸ் கொடுத்து அந்தச் சொல்லைச் சொன்னால், அது எத்தனை தடவை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

கையெழுத்து என்றதும் பெயரை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சப்வெர்ஷனில் சர்வரில் லாகின் செய்த கணக்கின் பெயர் பதிவாகும். உங்கள் மேலாளர் அந்தக் காலத்து ஆளாக இருந்தால் அதே நம்பிக்கையோடுதான் இதையும் பார்ப்பார். கிட்டில் அப்படியில்லை. அந்தக் கணினியில் யூசர் நேம், யூசர் இமெயில் என்று என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கமிட்டில் போகும், யாரும் சரிபார்ப்பதில்லை. வேலையை விட்டுப் போனவரின் கணினியைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்து, அமைப்பை மாற்ற மறந்து, ஒரு வருடம் பழைய ஆளின் பெயரிலேயே கமிட் போனதை நான் பார்த்திருக்கிறேன். கமிட்டில் ஆத்தர் (மாற்றத்தை எழுதியவர்), கமிட்டர் (அதைக் கமிட்டாகப் போட்டவர்) என்று இரண்டு பெயர், இரண்டு தேதி உண்டு. பிளேம் சாதாரணமாகக் காட்டுவது ஆத்தரை. ரீபேஸ் செய்தால், அதாவது கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கினால், ஆத்தர் தேதி பழையதாகவே நிற்கும், கமிட்டர் தேதி புதிதாகும். பல கமிட்டுகளை ஸ்குவாஷ் செய்து ஒன்றாக்கி முதன்மை நிரலோடு மெர்ஜ் செய்தால் (சேர்த்தால்), மூன்று பேர் உழைத்தது ஒருவர் பெயரில் வந்து நிற்கும். ஆழம் குறைத்து, அதாவது அண்மை வரலாற்றை மட்டும் இறக்கி, குளோன் (நகல்) எடுத்த ரெப்போவில் பிளேம் போட்டால், வரலாறு அறுந்த இடத்துக் கமிட்டின் மேல் எல்லாப் பழைய வரிகளும் விழும். எண்ணுக்கு முன்னால் ^ இருந்தால் அப்படிப்பட்ட எல்லையில் நிற்கிறது என்று சந்தேகப்படுங்கள், முழு வரலாற்றையும் இறக்கிவிட்டுப் பாருங்கள். ஜிபிஜி அல்லது எஸ்எஸ்எச் என்ற மின்னணுச் சாவியால் கையொப்பமிட்ட கமிட் என்றால் நம்பிக்கை கூடும். அப்போதும் கிட் சொல்வது எந்தச் சாவி என்பதுதான். விசைப்பலகையில் யார் விரல் இருந்தது, அந்த விதியை யார் சொல்லிக் கொடுத்தார், யார் சரிபார்த்து விட்டார் என்பதெல்லாம் அதற்குள் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேலாளரிடம் போகும்போது 'நான் இல்லை' என்று தொடங்காதீர்கள். பைசெக்ட் கண்டுபிடித்த கமிட்டோடு போங்கள். ஏனென்றால் அவருக்கு உடனடியாகத் தேவைப்படுவது ஆள் இல்லை, தேதி. எந்த நாளிலிருந்து கணக்கு தப்பாகப் போனது என்று தெரிந்தால்தான், தேவகோட்டைக் கடையில் கூடுதல் வட்டி கட்டியவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்க முடியும். நகையை அடகு வைக்கிறவர்களுக்கு அந்த அரை மாத வட்டி சின்னத் தொகை இல்லை, அது திரும்பிப் போக வேண்டும். இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். கமிட் தேதி என்பது கடையில் அந்தப் பதிப்பு ஏறிய தேதி இல்லை. எந்தப் பதிப்பு எந்த நாள் நிறுவப்பட்டது என்று உங்கள் அலுவலகப் பதிவில் பார்த்து, அந்த நாளிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கமிட் வேறு வாடிக்கையாளர்களின் பதிப்பிலும் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த தடவை ஃபார்மேட்டர் ஓட்டும்போது அதைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள், அதில் வேறு எந்த மாற்றமும் கலக்காதீர்கள், அதன் எண்ணை அன்றைக்கே ஒதுக்கல் ஃபைலில் எழுதிவிடுங்கள். இப்போதைய தப்பை நீங்களே திருத்துவதாக இருந்தால், அந்த வரியில் மறுபடியும் உங்கள் பெயர்தான் வரும், இந்தத் தடவை நியாயமாக. அதனால் கமிட் செய்தியில் 'வட்டி பக் சரி செய்தது' என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், 15ஆம் நாளுக்கு அரை மாத வட்டிதான் என்று கடைக்காரர் சொன்ன விதி, வைத்த நாளைச் சேர்த்து எண்ணுகிறோமா இல்லையா, எந்தக் கமிட்டில் இது உடைந்தது, இவ்வளவையும் நாலு வரியில் எழுதுங்கள். எழுதிய டெஸ்டையும் அதே கமிட்டில் சேர்த்துவிடுங்கள். பைசெக்ட் போடும்போது எங்காவது மாட்டிக்கொண்டால், என்ன பிழை வருகிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.